வழுக்கி விழுந்தேனா, முட்டி மடங்கி விழுந்தேனா: விஏ செகண்டரி கிளெய்மும் ஒரு ஆபரேஷனும்

கேள்வி, 2025 ஜூன் 3
அமெரிக்கப் படையில் இருந்தவன். இடது கணுக்கால் சர்வீஸ் கனெக்டட், அதாவது பணியால் வந்த காயம் என்று விஏ (முன்னாள் படைவீரர் நலத் துறை) ஒத்துக்கொண்டது, ஊன அளவு 20 சதவீதம். மார்ச் மாதம் பார்க்கிங் லாட்டில் அதே கணுக்கால் பிரண்டு விழுந்ததில் வலது முட்டியில் ஏசிஎல் ஜவ்வு போய்விட்டது. ஜூன் 24 ஆபரேஷன். எல்லாம் முடிந்து, பேப்பர் மொத்தமும் கைக்கு வந்த பிறகு ஒரே தடவையாக விஏவில் கிளெய்ம் போடலாம் என்று இருக்கிறேன். செகண்டரி, அதாவது பழைய காயத்தால் வந்த புதுக் காயம் என்று போட்டால் ஒத்துக்கொள்வார்களா? அனுபவப்பட்ட அண்ணன்மார் சொல்லுங்கள்.

பதில், ஜூன் 3, ராத்திரி
வேண்டாம். பேப்பர் சேரட்டும் என்று உட்காராதே. இன்றைக்கே இன்டென்ட் டு ஃபைல், அதாவது கிளெய்ம் போடப்போகிறேன் என்ற முன்னறிவிப்பு, போடு. ஆன்லைனில் ஐந்து நிமிஷம், இல்லையென்றால் 21-0966 ஃபாரம். அந்தத் தேதி உனக்குத் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி. முழு கிளெய்மை ஒரு வருஷத்துக்குள் போட்டால் போதும். நான் துண்டு போடாமல் நின்றுகொண்டு போனவன். கதை நாளைக்கு. பையன் இன்னும் தூங்கவில்லை.

ஜூன் 4
2013ல் மேவ்னி வழியாகச் சேர்ந்தேன். கிரீன் கார்டு இல்லாவிட்டாலும், ராணுவத்துக்கு வேண்டிய மொழி தெரிந்தால் எடுத்துக்கொண்ட திட்டம். பட்டியலில் தமிழ், மலையாளம், சிங்களம் எல்லாம் இருந்தது. 2016ல் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எச்1பி விசா வரிசையில் நிற்பதற்கு ஃபோர்ட் ஜாக்சன் பயிற்சி முகாமில் வரிசையில் நிற்கலாம் என்று போனேன். தமிழுக்காக எடுத்தார்கள்; ஐந்து வருஷத்தில் ஒருத்தரும் ஒரு வார்த்தை தமிழ் கேட்கவில்லை. லாரி ஓட்டினேன்.

2015ல் லாரியின் பின்பக்கத்திலிருந்து மூட்டையோடு குதித்ததில் இடது முட்டி. சிக் கால், அதாவது ராணுவ வைத்தியரிடம், போனால் எல்லாருக்கும் கிடைக்கும் வைத்தியம் தெரியுமே: 800 மில்லிகிராம் மோட்ரின் வலி மாத்திரை, தண்ணி குடி, சாக்ஸை மாத்து. ஆனாலும் போனேன், பேப்பரில் ஏறியது. 2018ல் வெளியே வந்தபோது மடக்கினால் வலி என்று 10 சதவீதம், முட்டி ஆட்டம் கொடுக்கிறது என்று 10 சதவீதம்.

2023 அக்டோபர், சனிக்கிழமை. 20 பவுண்டு சோனா மசூரி மூட்டையை இடது தோளில் வைத்துக்கொண்டு பேஸ்மென்ட் படி இறங்கினேன். நாலாவது படியில் முட்டி மடங்கியது. வலது கை தானாகக் கைப்பிடியைப் பிடித்தது. உடம்பு கீழே போய்விட்டது, கை மேலேயே நின்றுவிட்டது. தோளுக்குள் பழைய துணி கிழிகிற சத்தம். ரொட்டேட்டர் கஃப் மேல் ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது எம்ஆர்ஐயில் தெரிந்தது. டிசம்பர் 12 ஆபரேஷன்.

விஏவில் பதிந்தது 2024 ஜனவரி 22. வலது கை ஸ்லிங்கில், இடது கை ஒரு விரலால் டைப் அடித்து.

ஜூன் 4, மத்தியானம்
காசுக் கணக்கு. சர்வீஸ் கனெக்டட் ஆன இடத்தில் ஆபரேஷன் நடந்து, குறைந்தது ஒரு மாதம் தேற வேண்டியிருந்தால் தற்காலிகமாக 100 சதவீதம் உண்டு. விதி 38 சிஎஃப்ஆர் 4.30, பழைய ஆட்கள் பாரகிராஃப் 30 என்பார்கள். ஆபரேஷன் நாளில் ஆரம்பித்து, டிஸ்சார்ஜுக்கு அடுத்த மாதம் 1ம் தேதியிலிருந்து 3 மாதம் கொடுப்பார்கள். எனக்கு மார்ச் 31 வரை வந்தது. ஆனால் கிளெய்ம் தேதி ஜனவரி 22. அதற்கு முன்னால் நான் படுத்துக் கிடந்த நாள் எதுவும் கணக்கில் இல்லை. தவிர, பணம் எஃபெக்டிவ் டேட்டுக்கு, அதாவது உரிமை தொடங்கும் தேதிக்கு, அடுத்த மாதம் 1ம் தேதியிலிருந்துதான் ஓடும். ஆகப் பிப்ரவரி, மார்ச், இரண்டே மாதம்.

ஆபரேஷனுக்கு முன்பே துண்டு போட்டிருந்தால் ஜனவரியும் வந்திருக்கும். 2024 ரேட்டில் தனியாளுக்கு மாதம் 100 சதவீதம் 3,737.85 டாலர், 20 சதவீதம் 338.49. வித்தியாசம் 3,399.36.

ஆனால் ஒரு வருஷம் வரை பின்தேதி போட்டுத் தருவார்கள் என்றும் எங்கேயோ படித்திருக்கிறேன். எனக்கு ஏன் தரவில்லை என்று பார்க்கணும்.

ஜூன் 6
பார்த்தேன். மேலே கடைசியில் எழுதியதை நம்பிக் காத்திருக்காதீர்கள். அந்த ஒரு வருஷப் பின்தேதி, ஏற்கெனவே கனெக்டட் ஆன காயம் மோசமாகி ரேட்டிங் ஏற்றச் சொல்லிக் கேட்பவர்களுக்கு. என் தோள் அன்றைக்கு விஏ கண்ணில் புதுக் காயம். முட்டியின் வாலைப் பிடித்து வந்தாலும் அதற்குக் கிளெய்ம் தேதிதான் தேதி. தம்பியின் முட்டிக்கும் அதேதான்.

இன்னொரு திருத்தம். '3 மாதம் கொடுப்பார்கள்' என்று எழுதிவிட்டேன். 1, 2 அல்லது 3. டாக்டர் எத்தனை வாரம் என்று எழுதுகிறாரோ அதைப் பொறுத்தது. எத்தனை நாள் வேலைக்குப் போகக்கூடாது, எத்தனை நாள் கால் ஊன்றக்கூடாது என்று தேதி போட்டு எழுதி வாங்கு. 'ஓய்வு தேவை' என்று மொட்டையாக எழுதினால் உபயோகமில்லை. தேறுவது தள்ளிப்போனால் நீட்டிக்கவும் கேட்கலாம்.

ஜூன் 9
ஒத்துக்கொள்வார்களா என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்கு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. 2024 ஜூலையில் மறுப்புக் கடிதம். ஒரே ஒரு சொல்தான் காரணம்.

விழுந்த அன்று எமர்ஜென்சியில் நர்ஸம்மா என்ன ஆச்சு என்று கேட்டார். நான் 'ஐ ஸ்லிப்ட் ஆன் த ஸ்டெய்ர்ஸ்' என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

எங்கள் அப்பத்தா கேட்டிருந்தால் நான் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன். தடுக்கி விழுந்தான், வழுக்கி விழுந்தான், இடறி விழுந்தான், கால் பிரண்டிருச்சு, முட்டி மடங்கிருச்சு, தலை சுத்தி விழுந்தான். கல்லு மேல் குற்றமா, தரை மேலா, காலு மேலா என்று நம்ம சொல்லிலேயே தீர்ப்பு இருக்கும். இங்கிலீஷில் வலியோடு இருக்கும்போது எனக்கு வாயில் வருவது ஒரே ஒரு சொல். பத்து வருஷம் இந்த நாட்டில் இருந்தும், எட்டு மணிநேரம் இங்கிலீஷில் மீட்டிங் பேசியும், விழுந்ததைச் சொல்லத் தெரியவில்லை. 'மை நீ கேவ் அவுட்' என்று நாலு சொல் சொல்லியிருந்தால் ஒரு வருஷம் மிச்சம்.

சி அண்ட் பி, அதாவது கிளெய்முக்காக விஏ நடத்தும் உடல் பரிசோதனைக்கு, ஒப்பந்தத்தில் வந்த ஒரு டாக்டர். 20 நிமிஷம். தோளில் கோனியோமீட்டர் வைத்து அளந்தார், முட்டியைத் தொடவில்லை. எமர்ஜென்சி பேப்பரைப் பார்த்து எழுதினார்: படியில் வழுக்கி விழுந்த காயம், முட்டியால் வந்திருக்க வாய்ப்பு பாதிக்கும் குறைவு. இங்கே எல்லாமே அந்தப் பாதியில்தான் நிற்கிறது. அறுபது எழுபது வேண்டாம், ஐம்பதுக்கு ஐம்பது இருந்தால் போதும். இரண்டு பக்கமும் சமமாக நின்றால் பலன் வெட்டரனுக்கு. சட்டத்திலேயே இருக்கிறது, 1990ல் கில்பர்ட் வழக்கில் கோர்ட்டும் சொல்லிவிட்டது. நான் 49ல் நின்றுவிட்டேன்.

ஜூன் 10
தம்பி, மார்ச்சில் நீ என்ன சொன்னாய்? இன்றைக்கே உன் எமர்ஜென்சி பேப்பரை எடுத்துப் படி.

ஜூன் 11
'ட்ரிப்ட் ஆன் கர்ப்' என்று இருக்கிறதாம். அதாவது தடுக்கி விழுந்தான். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்.

ஜூன் 12
ஆஸ்பத்திரியில் சொல்லி அந்தப் பேப்பரைத் திருத்தச் சொல்லலாமே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கேட்க உரிமை உண்டு, மருத்துவத் தகவல் பற்றிய ஹிப்பா சட்டத்தில் இருக்கிறது. நான் ஃபாரம் வரை எடுத்துவிட்டு விட்டுவிட்டேன். நர்ஸம்மா தப்பாக எழுதியிருந்தால் திருத்தச் சொல்லலாம். நான் சொன்னதைத்தானே எழுதினார். மறுப்பு வந்த பிறகு போய் சொல்லை மாத்து என்றால், படிக்கிறவன் எனக்கு என்ன பெயர் வைப்பான்? அந்தப் பேப்பர் அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் வேறு பேப்பர் வைப்போம் என்று போனேன்.

ஜூன் 15
வேறு பேப்பர் என்ன என்று கேட்டவருக்கு.

விஏவின் மை ஹெல்த்தி வெட் தளத்தில் ப்ளூ பட்டன் என்று ஒன்று உண்டு. மொத்த மருத்துவக் குறிப்பையும் இறக்கிக்கொள்ளலாம். எனக்கு 400 பக்கத்துக்கு மேல் வந்தது. 2021ல் பிசியோதெரபிக்குப் போனபோது அந்தப் பெண் எழுதியிருந்தாள்: இடது முட்டி படி இறங்கும்போது மாதம் இரண்டு மூன்று தடவை மடங்குகிறது, கீல் வைத்த பிரேஸ் கொடுக்கப்பட்டது. விழுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் எழுதியது! கிளெய்ம் போட வேண்டும் என்று எனக்கே தோன்றாத காலம். அதைவிட நல்ல சாட்சி யாரைக் கூட்டிவந்தாலும் கிடைக்காது. அது விஏவிடமே இருந்தது; ஆனால் அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டாதவரை யாரும் தேடிப் படிக்கப்போவதில்லை.

அடுத்து டாக்டர் கடிதம். தோள் சர்ஜன் எழுத மறுத்துவிட்டார். 'நான் தோள் பார்ப்பவன், நீ எப்படி விழுந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்.' நியாயம்தான். குடும்ப டாக்டர் 2021 குறிப்பைப் படித்துவிட்டு அரைப்பக்கம் எழுதினார். முட்டி ஆட்டம், அதற்கு முன்பே மடங்கிய வரலாறு, கைப்பிடியைப் பிடித்த கை மேலே நிற்க உடம்பு கீழே போனால் ஜவ்வு எப்படி அறும் என்று காரணம் சொல்லி, கடைசியில் அந்த மந்திர வாக்கியம்: 'அட் லீஸ்ட் அஸ் லைக்லி அஸ் நாட்', குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு. காரணம் இல்லாமல் மந்திரத்தை மட்டும் வாங்கிவந்தால் அதற்கு எடை கிடையாது.

மூன்றாவது, 21-10210 ஃபாரத்தில் என் மனைவியின் வாக்குமூலம். அதைப் பற்றித் தனியாக எழுதணும்.

இதெல்லாம் சேர்த்து 2024 நவம்பரில் சப்ளிமென்டல் கிளெய்ம், அதாவது புதுப் பேப்பர் வைத்து மறுபடி கேட்பது, 20-0995 ஃபாரம். மறுப்பு வந்து ஒரு வருஷத்துக்குள் போட்டதால் ஜனவரி 22 தேதி கெடவில்லை. புதுப் பேப்பர் இல்லாமல் 'இருப்பதையே தப்பாகப் படித்துவிட்டீர்கள்' என்பவர்கள் ஹையர் லெவல் ரிவ்யூ போகலாம்; அதில் புதுசாக எதையும் சேர்க்க முடியாது. 2019 பிப்ரவரியிலிருந்து இதுதான் முறை.

ஜூன் 16
ஒருவர் கிளெய்ம் போட்டுத்தரும் கம்பெனி ஒன்றைச் சிபாரிசு செய்திருந்தார், ஏறுகிற மாதத் தொகையைப் போல ஐந்து மடங்கு ஃபீஸ். முதல் கிளெய்முக்கு யாரும் காசு வாங்கக் கூடாது, சட்டம். அங்கீகாரம் பெற்ற வக்கீலே முதல் முடிவு வந்த பிறகுதான் ஃபீஸ் கேட்க முடியும். டிஏவி, விஎஃப்டபிள்யூ, அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் வீரர் சங்கங்கள் எல்லாவற்றிலும் விஎஸ்ஓ, அதாவது கிளெய்ம் போட உதவுபவர்கள், இருக்கிறார்கள், இலவசம். உங்கள் கவுன்ட்டியிலும் ஒருவர் இருப்பார். எனக்கு உதவியவர் வியட்நாம் போனவர், காது கேட்காது. என் பெயரை நாலு விதமாகக் கூப்பிட்டார். ஒரு ஃபாரத்தில்கூடத் தப்பு விடவில்லை.

ஜூன் 18
போருக்குப் போகும் முன்பே முட்டித் தேய்மானம் இருந்தது, இப்போது கணுக்காலால் மோசமானது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கும் வழி உண்டு. ஒரு காயம் இன்னொன்றை உண்டாக்கினால் விதி 3.310 (ஏ), இருப்பதை மோசமாக்கினால் (பி). இரண்டாவதை 1995ல் ஆலன் வழக்கு திறந்துவிட்டது. மோசமாவதற்கு முன் எப்படி இருந்தது என்பதற்குப் பேப்பர் வேண்டும். அந்த அளவைக் கழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். டாக்டர் கடிதத்தில் இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் கேளுங்கள்.

ஜூன் 22
தம்பிக்கு நாளை மறுநாள் ஆபரேஷன். சட்டம் போதும்.

ரிக்ளைனர் நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடு. எனக்குத் தோள் என்பதால் ஆறு வாரம் உட்கார்ந்தபடியே தூக்கம். ஸ்லிங் கழற்றக் கூடாது. வலது கைக்குக் கட்டுப் போட்டிருந்ததால் இடது கையில் ஸ்பூன். பொங்கலன்று வீடியோ காலில் அம்மா பார்த்துவிட்டாள். 'நல்ல நாளும் அதுவுமா எடது கையில தின்கிறியேடா' என்று ஆரம்பித்து, கடைசியில் அவளே அழுதுவிட்டாள். அப்புறம் என் மனைவி ஊட்டிவிட்டாள். நாலு வயசுப் பையன் பார்த்துவிட்டு எனக்கும் ஊட்டு என்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தான். ஏற்கெனவே தானாகச் சாப்பிடப் பழகியிருந்தவன். தை மாதம் முழுக்க இரண்டு பேருக்கும் ஊட்டினாள்.

டைரி எழுது. எந்த நாளில் உட்கார முடிந்தது, எந்த நாளில் பாத்ரூம் போக ஆள் வேண்டியிருந்தது. இரண்டு வரி போதும். சி அண்ட் பியில் 'ஹவ் ஆர் யூ டுடே' என்று கேட்டால் நம்ம வாய் 'குட்' என்று சொல்லிவிடும், அப்போது டைரியை நீட்டு.

ஜூன் 25
நல்லபடியாக முடிந்ததாம். ஜூன் 3ம் தேதியே துண்டு போட்டுவிட்டான், கெட்டிக்காரன்.

ஜூலை 2
இந்திய ராணுவத்தில் இப்படி உண்டா என்று வேலூர்க்காரர் ஒருவர் கேட்டார். என் பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். அங்கே கேள்வி: ஊனம் பணியால் வந்ததா, பணியால் கூடியதா. 20 சதவீதம் இருந்தால்தான் ஊனப் பகுதி ஓய்வூதியம். சேரும்போது குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் உடம்பு நன்றாக இருந்ததாகத்தான் கொள்ளவேண்டும் என்று 2013ல் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 50க்குக் கீழே இருப்பதை 50 ஆக ஏற்றும் கணக்கும் அங்கே உண்டு. இங்கே என் 35 சதவீதத்தை 40 ஆக்கியதற்கே நான் ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். பெரியப்பா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஜூலை 9
ஒருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார்: 'உண்மையைச் சொல்லுங்க, படி ஈரமா இருந்துச்சா?'

நியாயமான கேள்வி. இதைத் தனியாக எழுதணும் என்றேனே, அதுதான். என் மனைவி அன்று காலை சமையலறையைத் துடைத்திருந்தாள். பேஸ்மென்ட் படியைத் துடைக்கவில்லை. ஆனால் நான் சமையலறை வழியாகத்தான் வெறுங்காலோடு வந்தேன். பாதம் ஈரமாக இருந்திருக்கலாம். மறுப்பு வருவதற்கு முன் நானே எல்லாரிடமும் 'வழுக்கிட்டேன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கடிதத்தைப் படித்த பிறகு 'முட்டி மடங்கியது' என்று நினைவு வந்தால் என்னையே சந்தேகப்படாமல் எப்படி இருப்பது? இரண்டு வாரம் தூக்கம் போனது.

அவள் வாக்குமூலம் எழுத உட்கார்ந்தபோது, நான் விழுந்ததை எழுது என்றேன். 'நீங்க விழுந்ததை நான் பாக்கலயே, பாக்காததை எழுத மாட்டேன்' என்றாள். அப்புறம் அவள் எழுதியது: சத்தம் கேட்டு ஓடிவந்தேன், அரிசி கொட்டிக் கிடந்தது, அவர் இரண்டு கையாலும் இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தோளைப் பற்றி அரை மணி நேரம் கழித்துத்தான் சொன்னார். எனக்கு அது நினைவிலேயே இல்லை. தோள் கிழிந்த மனுஷன் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏன் உட்கார்ந்தேன்? அவள் எழுதியதைப் படித்த பிறகுதான் நானும் என் பக்கத்தை எழுதினேன். பாதம் ஈரமாக இருந்திருக்கலாம், பிரேஸ் அன்று போடவில்லை, முட்டி உள்பக்கமாக மடங்கியது. மூன்றையும் எழுதினேன். விஎஸ்ஓ தாத்தா முதல் இரண்டை எடுத்துவிடுகிறாயா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

ஜூலை 10
தைரியமாகச் சொன்ன மாதிரி எழுதிவிட்டேன். 'இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முட்டாள்தனம் பண்ணிவிட்டோமோ என்றுதான் வந்தேன்.

ஜூலை 20
முடிவு என்ன ஆச்சு என்று மூன்று பேர். 2025 மார்ச்சில் வந்தது. சாட்சியம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், சந்தேகத்தின் பலன் எனக்கு. தோளுக்கு 20, வலது கை, தோள் மட்டத்துக்கு மேல் ஏறாது. பிப்ரவரி, மார்ச் 2024க்கு 100.

விஏ கணக்கு: 20 போக மீதி 80. அதில் 10 சதவீதம் 8, ஆக 28. மீதி 72ல் 7, ஆக 35. ரவுண்ட் பண்ணி 40. சாதாரணமாகக் கூட்டினாலும் 40தான் வரும், இது அபூர்வ யோகம். 30ஐத் தாண்டியதால் மனைவி பிள்ளைக்கும் சேர்த்து வருகிறது.

தம்பிக்கு இடது கணுக்கால், வலது முட்டி, இரண்டும் கால். அதனால் பைலேட்டரல் ஃபேக்டர் உண்டு, சேர்த்து வருவதில் 10 சதவீதம் கூடும். முட்டிக்கு 10 வந்தால் 28, அதோடு 2.8, ஆக 31. ரவுண்ட் பண்ணினால் 30. ஃபேக்டர் இல்லாவிட்டாலும் 28 ரவுண்டாகி 30தான். சிரிக்காதே, விஏ கணக்கு.

ஆகஸ்ட் 14
தம்பிக்கு 19ம் தேதி சி அண்ட் பி. கணுக்கால் பிரண்ட பழைய குறிப்பு ப்ளூ பட்டனில் இரண்டு இடத்தில் கிடைத்ததாம். பார்க்கிங் லாட்டில் கூட இருந்த நண்பன் 21-10210 எழுதிக் கொடுத்திருக்கிறான். அவன் விழுந்ததைப் பார்த்தவன். கணுக்கால் பிரேஸைப் போட்டுக்கொண்டு போ. வலி வந்த இடத்தில் மடக்குவதை நிறுத்து, வீரம் காட்டாதே. 'ட்ரிப்ட்' பற்றிக் கேட்டால், கேட்பதற்கு முன்பே கூட, நீயே சொல்லிவிடு.

ஆகஸ்ட் 14, இன்னும் ஒன்று
படிக்கு இந்தப் பக்கமும் கைப்பிடி போட்டாச்சு. அரிசி இப்போது 10 பவுண்டு பைதான்.